மூன்று கருவி, மூன்று தூரம்: எதை நம்புவது?

கேள்வி இதுதான். சென்னைக்குத் தெற்கே சிறுசேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலை ஷெட் வேலை. தளத்தில் இரண்டு கான்கிரீட் பில்லர்கள். டிஜிபிஎஸ் (துல்லியமான செயற்கைக்கோள் அளவைக் கருவி) வைத்து எடுத்த யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக விரிக்கும் வரைபட முறை) கோஆர்டினேட்டிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டுக்கும் இடையே 412.337 மீட்டர். மதியம் ஒரு மணிக்கு 30 மீட்டர் எஃகு டேப்பைத் தரையில் போட்டு அளந்தால் 412.34. ஒளியை அனுப்பித் தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனில் கிடைத் தூரம் 412.481. டேப்பும் டிஜிபிஎஸ்ஸும் ஒத்துப்போவதால் டோட்டல் ஸ்டேஷனில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, ஸ்கேல் ஃபாக்டர் (அளந்த தூரத்தைப் பெருக்கும் எண்) 0.999651 என்று போட்டுவிடலாமா என்கிறீர்கள். கூடவே கொடுத்த விவரங்கள்: ப்ரிசத்தின் (ஒளியைக் கருவிக்கே திருப்பி அனுப்பும் கண்ணாடி) பின்னால் −30 என்று மி.மீ. கணக்கில் அச்சிட்டிருக்கிறது, கருவியில் அதற்கான திருத்தமான ப்ரிசம் கான்ஸ்டன்ட் 0, காற்றுக்கான திருத்தமான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 0. அன்றைய வெப்பநிலை 36 டிகிரி, அழுத்தம் 1004 ஹெக்டோபாஸ்கல்.

போடாதீர்கள். டேப்பும் டிஜிபிஎஸ்ஸும் ஒத்துப்போனது தற்செயல். இரண்டும் வேறு வேறு காரணத்தால் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருக்கின்றன. டோட்டல் ஸ்டேஷனும் தப்பாகத்தான் காட்டுகிறது, ஆனால் மூன்றில் உண்மைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். நிலத்தில் உள்ள தூரம் 412.460-ஐ ஒட்டி வரும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் டிஜிபிஎஸ். யூடிஎம் கோஆர்டினேட்டிலிருந்து வரும் தூரம் தரையில் உள்ள தூரமே அல்ல. உருண்டைப் பூமியைத் தட்டையான கிரிட்டில் விரிக்கும்போது தூரம் சுருங்கவோ நீளவோ செய்யும். மண்டலத்தின் நடுக்கோட்டில் அளவுவீதம் 0.9996. அதிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ தள்ளிப்போகப் போக வீதம் கூடும். சென்னை வட்டாரம் 44-ஆவது மண்டலம், நடுக்கோடு 81 டிகிரி கிழக்கு. சிறுசேரி சுமார் 80.22 டிகிரியில் இருக்கிறது, அதாவது நடுக்கோட்டுக்கு 85 கிலோமீட்டர் மேற்கே. அங்கே வீதம் 0.999689. இதோடு உயரத் திருத்தம் ஒன்று உண்டு. நம் கடற்கரையில் தரை, டிஜிபிஎஸ் பயன்படுத்தும் நீள்கோளப் பரப்பை (பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் வைத்த வழவழப்பான உருவம்) விட ஏறக்குறைய எண்பது மீட்டர் கீழே இருக்கிறது. அதனால் தரைத் தூரம் நீள்கோளத்துக்குப் போகும்போது 13 பிபிஎம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால் 0.999702. இனி 412.337-ஐ 0.999702-ஆல் வகுத்தால் 412.460. 123 மில்லிமீட்டர் இங்கேயே போய்விட்டது. டிஜிபிஎஸ் எடுத்தவர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் கொடுத்தது கிரிட் தூரம், நீங்கள் கேட்டது தரைத் தூரம்.

ஊருக்கு ஊர் இது மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் எடுத்த ஃபாக்டரை அப்படியே கோயம்புத்தூர் வேலைக்கும் போடுகிறவர்கள் உண்டு. கோவை 43-ஆவது மண்டலம், நடுக்கோடு 75 டிகிரி. ஊர் 77-ஐ ஒட்டி, மண்டலத்தின் விளிம்புக்கு அருகில் இருக்கிறது. அங்கே கிரிட் வீதம் ஒன்றுக்கு மேலே போய்விடும். சென்னையில் கிரிட் தூரம் தரையைவிடக் குட்டை, கோவையில் நெட்டை.

அடுத்து டேப். எஃகு டேப்பில் உள்ள கோடுகள் 20 டிகிரி வெப்பத்தில், 50 நியூட்டன் இழுவிசையில்தான் சரி. கைப்பிடிப் பக்கம் உற்றுப் பார்த்தால் இரண்டும் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு டிகிரி கூடினால் எஃகு மீட்டருக்கு 0.0116 மில்லிமீட்டர் நீளும். மதிய வெயிலில், செம்மண் தரையில் கிடக்கும் தகடு காற்றைவிடப் பத்து டிகிரி சூடாக இருப்பது சாதாரணம். 46 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 26 டிகிரி கூடுதல். 26 × 0.0000116 × 412.46 = 0.124 மீட்டர். நீண்டுபோன டேப் குறைவாகத்தான் காட்டும், ஆகவே கூட்ட வேண்டும்: 412.34 + 0.124 = 412.464. டிஜிபிஎஸ்ஸில் 123, டேப்பில் 124. ஒரே நாளில் இரண்டு சாட்சியும் ஒரே தொகையைக் குறைத்துச் சொன்னதால்தான் நேர்மையானவன் மாட்டிக்கொண்டான். காலை ஆறு மணிக்கு அதே டேப்பைப் பிடித்திருந்தால் இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

வெப்பம் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தரையில் படுக்கப் போட்டதால் தொய்வு வரவில்லை. இரண்டு பேர் இடுப்பளவில் தூக்கிப் பிடித்திருந்தால் கணக்கு வேறு. 13 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. கனம் உள்ள தகடு மீட்டருக்குச் சுமார் 0.2 நியூட்டன் எடை. 30 மீட்டரையும் அந்தரத்தில், 50 நியூட்டனில் பிடித்தால் தொய்வால் 18 மி.மீ. கூடுதலாகக் காட்டும். நடுவில் ஓர் ஆள் தாங்கினால் அது 4.5 மி.மீ.யாகக் குறைகிறது, ஏனென்றால் தொய்வுத் திருத்தம் நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், இழுவிசையின் இருமடிக்கு ஏற்ப இறங்கும். கையால் குத்துமதிப்பாக இழுத்து 50 நியூட்டன் வராது. ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி 5 கிலோ காட்டும்வரை இழுங்கள், அது போதும். இத்தனை செய்தாலும் டேப்புக்கென்று ஒரு எல்லை இருக்கிறது. இரண்டாம் வகுப்பு டேப்பில் 30 மீட்டருக்கு அனுமதித்த பிழை 6.3 மி.மீ., முதல் வகுப்பில் 3.1. பதினான்கு முறை எடுத்து வைக்கும்போது அந்தப் பிழை ஒரே திசையில் பதினான்கு முறை சேரும். 2 மி.மீ. + 2 பிபிஎம் துல்லியமுள்ள டோட்டல் ஸ்டேஷனை இதை வைத்துச் சோதிப்பது, பொற்கொல்லன் தராசைக் காய்கறிக் கடைப் படிக்கல்லால் சோதிப்பது போல. குறிப்பாக எடுத்துக்கொள்ளும் தூரம், சோதிக்கப்படும் கருவியைவிட மூன்று நான்கு மடங்காவது துல்லியமாக இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1802-இல், இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏழரை மைல் அடிக்கோட்டை (மற்றத் தூரங்களுக்கு அடிப்படையாக நேரில் அளக்கும் கோடு) அளந்தபோது அவரிடம் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகள்மேல் தாங்கி, வெப்பமானிகளை வைத்து ஒவ்வொரு கிடத்தலுக்கும் சூடு குறித்துக்கொண்டார்கள். நாற்பதாயிரம் அடிக்கு நானூறு கிடத்தல். இந்தியாவின் முக்கோண அளவை முழுதும் அந்த ஒரு தூரத்திலிருந்துதான் கிளம்பியது. உங்கள் தளத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடு பக்கத்து ஊர்தான்.

இனி டோட்டல் ஸ்டேஷன். இதில் இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. ஒளி கண்ணாடிக்குள் மெதுவாகப் போவதால், ப்ரிசத்துக்குள் போய்த் திரும்பும் பாதை கருவிக்கு நீளமாகத் தெரியும். −30 ப்ரிசம் என்றால் அந்த 30 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும். கருவியில் 0 இருந்ததால் கழியவில்லை. கான்ஸ்டன்ட் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு வேறு என்பது கூடுதல் குழப்பம். லைக்கா தன் வட்ட ப்ரிசத்தை 0 என்று வைத்து மற்றவற்றை அதிலிருந்து எண்ணுகிறது. அதே ப்ரிசத்தை சொக்கியா அல்லது டாப்கான் கருவியோடு வைத்தால் −34 போட வேண்டும். வாடகைக்கு வந்த ப்ரிசம், கடன் வாங்கிய கம்பம் என்று கலந்துகட்டும் தளங்களில் இது அடிக்கடி கிளம்பும்.

எதிர்ப்பக்கம் காற்று. கருவி ஒரு குறிப்பிட்ட காற்றுக்குச் சரியாக வைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் 12 டிகிரி, சிலவற்றில் 15, சிலவற்றில் 20. கையேட்டில் இருக்கும், பாருங்கள். 15 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல் கருவிக்குச் சூத்திரம்:

திருத்தம் (பிபிஎம்) = 279.85 − 79.585 × அழுத்தம் ÷ (273.15 + வெப்பநிலை)

36 டிகிரி, 1004-க்குப் போட்டால் 21.4 பிபிஎம். 412 மீட்டருக்கு 9 மி.மீ. கூட்ட வேண்டும். ஆக 412.481 − 0.030 + 0.009 = 412.460. கிரிட் திருத்திய டிஜிபிஎஸ்ஸும் இதுவே, டேப் 4 மி.மீ. தள்ளி. மூன்றும் இப்போது உட்கார்ந்துவிட்டன. 144 மி.மீ. வித்தியாசம் எங்கே போனது என்றும் தெரிகிறது: 123 கிரிட், 30 ப்ரிசம், 9 எதிர்ப்பக்கம் காற்று.

கையோடு ஒரு எச்சரிக்கை. அழுத்தத்தை மொபைல் வானிலை ஆப்பிலிருந்து எடுக்காதீர்கள். அது காட்டுவது கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். சிறுசேரியில் தளமே கடல்மட்டத்தில் இருப்பதால் தப்பித்தீர்கள். ஊட்டியில் ஆப் 1015 என்று சொல்லும், உண்மையில் அங்கே சுமார் 780-தான் இருக்கும். 15 டிகிரியில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் 65 பிபிஎம், கிலோமீட்டருக்கு 65 மி.மீ. ஒரு சின்னக் கை பாரோமீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது மேல். வெப்பநிலையை நிழலில், கருவி உயரத்தில் எடுங்கள். காரின் டாஷ்போர்டு காட்டுவதை அல்ல. மனக்கணக்குக்கு: ஒரு டிகிரிக்கு 1 பிபிஎம், மூன்றரை ஹெக்டோபாஸ்கலுக்கு 1 பிபிஎம்.

இப்போது ஏன் 0.999651 போடக்கூடாது என்பது புரியும். அந்த ஒரு எண்ணுக்குள் மூன்று வேறு சங்கதிகளை அடைக்கப் பார்க்கிறீர்கள். ப்ரிசம் பிழை தூரத்தோடு வளராது: 412 மீட்டரில் அது 73 பிபிஎம், 20 மீட்டரில் 1500 பிபிஎம். ஒரு தூரத்தில் பொருந்திய ஃபாக்டர் வேறு எந்தத் தூரத்திலும் பொருந்தாது. மேலும் ஷெட்டின் வரைபடத்தில் உள்ள 8 மீட்டர், தொழிற்சாலையில் எஃகை வெட்டும் உண்மையான 8 மீட்டர். அந்த ஃபாக்டரோடு புள்ளி குறித்தால் கருவி 120 என்று காட்டும்போது தரையில் 120.042 இருக்கும். பதினைந்து பே (தூணுக்குத் தூண் 8 மீட்டர் இடைவெளி) ஷெட்டில் கடைசித் தூணின் ஆங்கர் போல்ட்டுகள் 42 மி.மீ. வெளியே நிற்கும். பேஸ் பிளேட் துளைக்குள் அது இறங்காது.

கட்டட வேலைக்குச் சரியான வழி: ஒரு பில்லரின் கோஆர்டினேட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதற்கான திசையையும் வைத்துக்கொண்டு, தூரத்தை மட்டும் தரைத் தூரமாக 412.460 என்று போட்டு இரண்டாம் பில்லருக்குப் புதுக் கோஆர்டினேட் கணக்கிடுங்கள். கருவியில் ஸ்கேல் 1.000000. அந்தக் கோஆர்டினேட்டுகளுக்கு யூடிஎம் என்று பெயர் போடாதீர்கள். பெரிய எண்களை வெட்டி 1000, 5000 என்று மாற்றிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். சாலை, நில எல்லை, பைப்லைன் போல வரைபடமே கிரிட்டில் இருக்கும் வேலைகளுக்கு மட்டும் 0.999702 போடலாம், அதுவும் பிபிஎம்மும் ப்ரிசமும் சரியான பிறகு.

சரி, நாளைக்கு யாரும் சந்தேகப்பட்டால் தளத்திலேயே எப்படிச் சோதிப்பது? ப்ரிசம் கான்ஸ்டன்டைக் கண்டுபிடிக்க, தெரிந்த தூரம் தேவையே இல்லை. சமதளமான இடத்தில், 200 மீட்டருக்குள், ஒரே கோட்டில் நான்கு டிரைபாட் போடுங்கள்: ஏ, பி, சி, டி. இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டாம், சமமாக இல்லாமல் இருப்பதே நல்லது. நான்கிலும் டிரைபிராக்கை (டிரைபாட் தலையில் கருவியையோ ப்ரிசத்தையோ பூட்டும் அடித்தட்டு) சமன்செய்து பூட்டிவிட்டு, அதன்பின் அவற்றைத் தொடவே கூடாது. கருவியும் ப்ரிசமும் மட்டும் ஒரு டிரைபிராக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். ஒவ்வொரு தூரத்துக்கும் பத்து ரீடிங், சராசரி. பிபிஎம் அவ்வப்போது புதிதாக.

ஒரு எடுத்துக்காட்டு. ஏ–பி 38.217, பி–சி 61.448, சி–டி 95.362. கூட்டினால் 195.027. ஏ–டி நேராக அளந்தால் 194.968. மூன்று துண்டுகளில் பிழை மூன்று முறை சேர்ந்தது, முழுத்தூரத்தில் ஒரு முறை. ஆக வித்தியாசத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன: 59 ÷ 2 = 29.5 மி.மீ. அந்த ப்ரிசத்துக்கு −30 என்பது ஒரு தெரிந்த தூரம்கூட இல்லாமல் தானாக வெளியே வந்துவிட்டது. ஏ–சி, பி–டி இரண்டையும் அளந்தால் இன்னும் இரண்டு சோதனைகள் கிடைக்கும். மூன்று விடைகளும் 2 மி.மீ.க்குள் வராவிட்டால் எங்கோ டிரைபாட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி அளவுங்கள், சராசரி எடுத்துத் தப்பிக்க வேண்டாம்.

பலரும் கோட்டுக்கு நேராக வைக்கத்தான் அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். பி ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருந்தால் தூரத்தில் வரும் பிழை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. நீளவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அது அப்படியே விடைக்குள் வரும். கவனம் அங்கே இருக்கட்டும்: டிரைபாட் காலை மிதித்து இறக்குங்கள், தார்ச்சாலையில் மதியம் வைக்காதீர்கள்.

இந்தச் சோதனை ஒன்றைக் காட்டிக்கொடுக்காது: அளவுவீதப் பிழை. கருவிக்குள் இருக்கும் படிகத்தின் அதிர்வெண் நகர்ந்திருந்தால் எல்லாத் தூரமும் ஒரே வீதத்தில் நீளும், கூட்டிக் கழித்தால் தெரியாது. அதற்குத்தான் வெளியிலிருந்து வரும் குறிப்புத் தூரம் தேவை. ஐஎஸ்ஓ 17123-4 சொல்லும் முழுச் சோதனையில் ஏழு புள்ளிகள், இருபத்தொரு தூரங்கள். நிரந்தர அடிக்கோடுகளில் எட்ட முடிந்த உச்சம் எதுவென்று தெரிய வேண்டுமானால் பின்லாந்தில் நும்மெலா இருக்கிறது: ஒரு மீட்டர் குவார்ட்ஸ் கோலிலிருந்து ஒளிக் குறுக்கீட்டால் 2, 2, 3, 3, 4, 6 என்று பெருக்கி 864 மீட்டர், பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஐயத்தோடு. நமக்கு அவ்வளவு வேண்டாம். அதிர்வெண்ணைச் சோதித்து எண்ணோடு கொடுக்கும், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றிதழ் போதும். அதில் அளந்த விலகல், ஐயத்தின் அளவு, புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகும் தொடர்பு மூன்றும் இருக்க வேண்டும். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை மட்டும் குத்திய ஒற்றைத்தாள் வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும் வாரத்திலேயே, விடியற்காலையில், உங்கள் இரண்டு பில்லருக்கும் இடையே அளந்து எழுதிவையுங்கள். 412.460 என்று வெறுமனே எழுதினால் அடுத்த வருடம் அதே சண்டை வரும். தரை மட்டத்தில் கிடைத் தூரம், தேதி, வெப்பநிலை, அழுத்தம், போட்ட பிபிஎம், ப்ரிசம் எது, கான்ஸ்டன்ட் எவ்வளவு, பில்லர் தலையில் எந்தக் குறிக்கு அளந்தது (போல்ட்டின் நடுவா, சிலுவைக் கீறலா), கருவியின் வரிசை எண், எல்லாம் ஒரே வரியில். மாதம் ஒரு தரம், பக்கத்தில் பைல் அடித்தாலோ பள்ளம் தோண்டினாலோ அன்றே, திரும்ப அளந்து பாருங்கள். களிமண் நிலத்தில் ஒரு மழைக்குப் பில்லர் சில மில்லிமீட்டர் சாய்வதுண்டு.

கடைசியாக, ஏற்கெனவே கான்ஸ்டன்ட் 0 வைத்துக் குறித்த புள்ளிகள். எல்லாம் 30 மி.மீ. கருவியை நோக்கி வந்திருக்கும். ஒரே நிலையத்திலிருந்து ஒரே திசையில் குறித்த இரண்டு தூண்களுக்கு இடையே தூரம் சரியாகவே இருக்கும், அதனால் டேப் பிடித்துப் பார்த்தவர்கள் ‘ஓகே’ சொல்லியிருப்பார்கள். கருவியை நடுவில் வைத்து இருபுறமும் குறித்திருந்தால் நடு இடைவெளி 60 மி.மீ. குறையும். கருவி நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள தூண்களின் இடைவெளியை முதலில் போய் அளவுங்கள், கான்கிரீட் போடும் முன்.